'சார்ஜ் கிடையாது' என்றால் என்ன அர்த்தம்?

"ஜீரோ ஃபாரெக்ஸ்", "கட்டணமே இல்லாமல் வெளிநாட்டுக்குப் பணம்", "ஒரு பைசா கமிஷன் கிடையாது"... இந்த மாதிரி விளம்பரங்கள் இப்போது எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகின்றன. மொபைலைத் திறந்தால் வருகிறது. ஃபாரின் யுனிவர்சிட்டி கண்காட்சிக்குப் போனால் நோட்டீஸாகக் கையில் திணிக்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு இரண்டு பேராவது துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று போயிருக்கிறார்கள். அதனால் இந்த விளம்பரங்களுக்கு இங்கே நல்ல மவுசு.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கட்டணம் இல்லாத வங்கிக் கணக்கு நல்ல விஷயம்தான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் 'கட்டணம் இல்லை' என்ற வார்த்தை நமக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. தர வேண்டிய தகவல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஒரே ஒரு எண்ணாக எல்லா வங்கியும் எழுதிக் காட்ட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அது வரும் வரை நாமே கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஏன் என்று கேட்பவர்கள் தொடர்ந்து படிக்கவும் :-)

பணத்துக்கும் விலை உண்டு

முதல் வருஷம் பி.காம் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள், வெளிநாட்டு நாணயமும் ஒரு சரக்குதான் என்று. அரிசிக்கடையில் வாங்குவது ஒரு விலை, விற்பது ஒரு விலை. இடையில் இருப்பது கடைக்காரர் லாபம். டாலருக்கும் திர்ஹாமுக்கும் அதே கதைதான். வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்த விலை ஒன்று இருக்கிறது. நமக்குக் கொடுக்கும் சில்லறை விலை வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மார்க்கப், மார்ஜின், ஸ்ப்ரெட் என்று என்ன பெயரில் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அது நம் பாக்கெட்டிலிருந்து போவதுதான்.

எந்த அரிசிக்கடைக்காரராவது "என் கடையில் சர்வீஸ் சார்ஜ் கிடையாது" என்று போர்டு வைத்தால் நாம் என்ன செய்வோம்? "அது கெடக்கட்டும்ணே, கிலோ என்ன விலை?" என்று கேட்போம். ஆனால் பணம் மாற்றும்போது மட்டும் இந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், கணவர் அபுதாபியில் வேலை பார்க்கிறார், ஒரு நாள் என்னிடம் கேட்டார். "தம்பி, நீ காமர்ஸ் தானே படிக்கற? அவரு ரூம்ல இருக்கறவரும் அதே ரெண்டாயிரம் திர்ஹாம்தான் அனுப்புறாரு. அவங்க வீட்டுக்கு முன்னூறு ரூபா ஜாஸ்தி வருதாம். இவரு ஆப்புல சார்ஜே இல்லைங்கறாரு, அவரு கடையில போயி சார்ஜ் கட்டி அனுப்புறாரு. அப்புறம் எப்படி நமக்குக் கொறையும்?"

நல்ல கேள்வி. கணக்கு போட்டுப் பார்ப்போம். வசதிக்காக ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கொள்கிறேன். அமீரக திர்ஹாமை 1997 முதல் டாலரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். ஆக ஒரு திர்ஹாமின் மொத்த விலை சுமார் 24 ரூபாய் 50 பைசா. 2,000 திர்ஹாமுக்கு 49,013 ரூபாய் வர வேண்டும்.

கடைக்காரர் 20 திர்ஹாம் சார்ஜ் எடுத்துக்கொண்டு 24.40 ரேட் கொடுக்கிறார் என்று வையுங்கள். 1,980ஐ 24.40ஆல் பெருக்கினால் 48,312 ரூபாய். ஆப் சார்ஜே எடுக்கவில்லை, ஆனால் ரேட் 24 ரூபாய். 2,000ஐ 24ஆல் பெருக்கினால் 48,000. 'ஃப்ரீ'யாக அனுப்பியவருக்கு 312 ரூபாய் நஷ்டம். மாதா மாதம் அனுப்பினால் வருஷத்துக்கு 3,744 ரூபாய். ஒரு பிள்ளையின் ஸ்கூல் யூனிஃபார்ம், ஷூ, பை எல்லாம் முடிந்து விடும்.

மொத்த விலையோடு ஒப்பிட்டால் கடைக்காரர் எடுத்தது 701 ரூபாய், அதாவது 1.4 சதவீதம். ஆப் எடுத்தது 1,013 ரூபாய், 2 சதவீதத்துக்கு மேல். எல்லாக் கடையும் நல்லது, எல்லா ஆப்பும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நிறைய நேரம் தலைகீழாகவும் இருக்கும். 'சார்ஜ் உண்டா இல்லையா' என்ற கேள்வி எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். "இத்தனை திர்ஹாம் கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" இது ஒன்றுதான் கேள்வி. அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். இப்போது அவரும் கணவரும் அனுப்புவதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் பார்த்து விட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

இது சில்லறை சமாச்சாரம் இல்லை

300 ரூபாய்க்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். மொத்தத் தொகையைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்புப்படி 2023-24இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அதாவது ஏறக்குறைய 1,230 கோடி டாலர். இதில் ஒரே ஒரு சதவீதம் ரேட்டில் வித்தியாசம் என்றால், மேலே சொன்ன 90 ரூபாய்க் கணக்கில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை ரூபாய் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேருமா, நடுவில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

உலக அளவிலும் இது பழைய பிரச்சினை. 2009இல் இத்தாலியின் லாக்விலாவில் கூடிய ஜி-8 நாடுகள், பணம் அனுப்பும் செலவை 10 சதவீதத்திலிருந்து ஐந்து வருஷத்தில் 5 சதவீதமாகக் குறைப்போம் என்றன. 2015இல் ஐ.நா. சபை, 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 200 டாலர் அனுப்ப ஆகும் செலவை உலக வங்கி தொடர்ந்து கணக்கெடுத்து வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அதன் உலக சராசரி 6 சதவீதத்துக்கு மேல்தான் நின்றது. வளைகுடாவிலிருந்து நம் நாட்டுக்கு வரும் வழி இதைவிட மலிவு, போட்டி அதிகம் என்பதால். ஆனாலும் சும்மா வருவதில்லை.

உண்டியலில் இருந்து ஆப் வரை

இந்தத் தொழில் நமக்குப் புதிதா என்றால் அதுதான் இல்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை செட்டியார்கள் உண்டியல் என்ற முறையில்தான் பணத்தை ஊர் விட்டு ஊர் நகர்த்தினார்கள். உண்டியல் என்றதும் கோயில் உண்டியல் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. ரங்கூன் கடையில் ஒருவர் பணம் கட்டுவார். ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைக் காட்டி காரைக்குடியில் பணம் வாங்கிக் கொள்ளலாம். பணம் கப்பலேறிப் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பக்கம் கட்டியதும் இந்தப் பக்கம் கொடுத்ததும் கணக்குப் புத்தகத்தில் நேர் செய்யப்படும், அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியிலிருந்துதான் 1937 பிப்ரவரி 10இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அன்றைக்கே மூன்று ஊரில் கடை திறந்தார்கள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். வெளிநாட்டு வங்கித் தொழிலும் அந்நியச் செலாவணியும்தான் அந்த வங்கியின் குறிக்கோளே. பெயரிலேயே 'ஓவர்சீஸ்' இருக்கிறது பாருங்கள்.

இப்போது 2011க்கு வருவோம். லண்டனில் இரண்டு எஸ்டோனியாக்காரர்கள். டாவெட் ஹின்ரிகுஸுக்கு சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். கிறிஸ்டோ கார்மனுக்கு சம்பளம் பவுண்டில், ஊரில் கட்ட வேண்டிய வீட்டுக்கடன் யூரோவில். இருவரும் வங்கியை ஒதுக்கிவிட்டு, மொத்த விலையைப் பார்த்து தங்களுக்குள்ளேயே மாற்றிக் கொண்டார்கள். அவர் இவருடைய ஊர்க் கணக்கில் யூரோ போடுவார், இவர் அவருடைய லண்டன் கணக்கில் பவுண்ட் போடுவார். பணம் எல்லை தாண்டவே இல்லை. இதிலிருந்து பிறந்ததுதான் டிரான்ஸ்ஃபர்வைஸ். 2021இல் பெயரை வைஸ் என்று சுருக்கிக் கொண்டது. காரைக்குடிக்காரர்கள் இதைப் படித்தால் "இதைத்தானே எங்க தாத்தா செஞ்சாரு" என்று சிரிப்பார்கள்.

ஆனால் இந்த நிறுவனத்திடம் நான் கவனித்த விஷயம் வேறு. அது தன்னை இலவசம் என்று சொல்லிக் கொள்வதில்லை. மொத்த விலை இது, எங்கள் கட்டணம் இது என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறது. கட்டணம் வாங்குகிறேன் என்று சொல்பவன் நேர்மையாகவும், வாங்கவில்லை என்பவன் ரேட்டில் ஒளித்தும் வைக்கிற விசித்திரமான வியாபாரம் இது.

இலங்கை சொல்லும் பாடம்

ரேட்தான் உண்மையான விலை என்பதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2021இன் கடைசி மாதங்களிலும் 2022இன் தொடக்கத்திலும் இலங்கை மத்திய வங்கி ஒரு டாலரை 200 ரூபாயை ஒட்டியே இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. வெளிச்சந்தையில் டாலருக்கு அதைவிட நல்ல விலை. அங்கே தமிழர்கள் இன்றும் 'உண்டியல்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த உண்டியல்காரர்கள் கூடுதல் ரேட் கொடுத்தார்கள். மக்கள் என்ன செய்வார்கள்? வங்கியை விட்டுப் போனார்கள்.

2020இல் வங்கி வழியாக வந்த பணம் சுமார் 710 கோடி டாலர். 2021இல் அது 550 கோடிக்கு இறங்கியது. 2022இல் 380 கோடிதான். வெளிநாட்டுக்குப் போனவர்கள் குறைந்து விடவில்லை, 2022இல் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மத்திய வங்கி டாலருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தது, 2021 டிசம்பரில் அதைப் பத்தாக்கியும் பார்த்தது. ம்ஹூம். 2022 மார்ச்சில் பிடியை விட்டு, ரேட் சந்தை நிலைக்கு வந்த பிறகுதான் பணம் மெல்ல மெல்ல வங்கிக்குத் திரும்பியது. 2023இல் மறுபடி 600 கோடியை நெருங்கியது.

இதை உண்டியலுக்கு வக்காலத்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் அது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999இன் கீழ் குற்றம். பணம் வராவிட்டால் போலீஸுக்கும் போக முடியாது. யாருடைய பணமோ நம் கணக்கில் விழுந்து, கணக்கையே முடக்கினாலும் கேட்க ஆளில்லை. நான் சொல்வது, சாதாரண ஜனங்கள் சார்ஜைப் பார்த்து அல்ல, ரேட்டைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று ஒரு நாட்டின் கஜானாவே நமக்குக் காட்டியிருக்கிறது என்பதைத்தான்.

கார்டு தேய்ப்பவர்களுக்கு

இனி நாம் இங்கிருந்து வெளியே போய் செலவழிக்கும் கதை. நம் வங்கிகளின் சாதாரண கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13 சதவீதம். சிங்கப்பூர் போய் 80,000 ரூபாய் செலவழித்தால் 3,304 ரூபாய் சும்மாவே போகும். இந்த இடத்தில்தான் ஜீரோ மார்க்கப் கார்டுகள் உண்மையிலேயே உதவுகின்றன. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் 'ஜீரோ' என்பது எதற்கு ஜீரோ என்று பார்க்க வேண்டும். மார்க்கப்புக்கு மட்டும்தான். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் தங்கள் ரேட்டில்தான் மாற்றும், அது மொத்த விலையிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கலாம். ஏ.டி.எம்மில் எடுத்தால் அந்த ஊர் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கலாம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி. சில கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும், சிலவற்றில் வருடக் கட்டணம். இதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும், லென்ஸ் தேவை.

இன்னொன்று, வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்த்ததும் மெஷின் பணிவாகக் கேட்கும், "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று. அட, நம்ம ரூபாயைக் காட்டுதே என்று சந்தோஷமாக ரூபாயை அமுக்கினால் போச்சு. மாற்றும் வேலையை அந்தக் கடைக்காரரின் வங்கி அதன் ரேட்டில் செய்துவிடும். உங்கள் ஜீரோ கார்டு அங்கே வேலை செய்யாது. போதாக்குறைக்கு ரூபாயில் கட்டியதற்கு நம் ஊரில் சில வங்கிகள் தனிக் கட்டணமும் போடுகின்றன. எப்போதும் உள்ளூர் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே கார்டை நம்பிப் போவதும் சரியில்லை. 2023 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, எஸ்.பி.எம். வங்கி (இந்தியா) தாராளமயப் பணப் பரிமாற்றத் திட்டத்தில் செய்த எல்லாப் பரிவர்த்தனைகளையும் உடனே நிறுத்தச் சொன்னது. அந்த வங்கியை முதுகெலும்பாக வைத்து இயங்கிய ஃபின்டெக் கார்டுகள் அதோடு ஆட்டம் கண்டன. வெளியே பளபளப்பான ஆப், உள்ளே வேறு யாரோ ஒரு வங்கி. அது எந்த வங்கி என்று கேட்டுத் தெரிந்து கொள்வது நம் பொறுப்பு. அதேபோல 2020 மார்ச்சில் யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் சிக்கலில் விழுந்து, அமீரக மத்திய வங்கியின் மேற்பார்வைக்குப் போனது. வளைகுடா இந்தியர்கள் எத்தனையோ வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய பெயர் அது.

அரசாங்கத்தின் பங்கு

எந்த வங்கி ஜீரோ என்று சொன்னாலும் ஜி.எஸ்.டி. ஜீரோ ஆகாது. இந்தியாவில் நாணயம் மாற்றும் சேவைக்கு ஜி.எஸ்.டி. கணக்கிட ஒரு தனி முறை இருக்கிறது. ஒரு லட்சம் வரை மாற்றினால், மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை சேவையின் மதிப்பாக எடுத்துக் கொள்வார்கள், குறைந்தது 250 ரூபாய். அதற்கு 18 சதவீதம் வரி. ஒரு லட்சம் மாற்றினால் 180 ரூபாய், எவ்வளவு குறைவாக மாற்றினாலும் 45 ரூபாய். வங்கி நம்மிடம் வாங்கியது எவ்வளவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தொகை கூடக் கூட சதவீதம் குறையும். அதனால் சின்னச் சின்னத் தொகையாகப் பலமுறை மாற்றுவதைவிட சேர்த்து மாற்றுவது நல்லது.

படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2004இல் இந்தத் திட்டம் வந்தபோது வரம்பு 25,000 டாலர்தான். டெபிட் கார்டில் வெளிநாட்டில் செலவழிப்பதும் இதில் சேரும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்ப டி.சி.எஸ். பிடிப்பதில்லை, முன்பு இது 7 லட்சமாக இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தில் கல்விக்கடன் வாங்கி அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேலும் பிடித்தம் இல்லை. மற்றபடி பிடித்தாலும் அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக் கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். ஆனால் பிள்ளையை அனுப்புகிற வீட்டில் அந்த மாதம் ஒவ்வொரு ரூபாயும் தேவைப்படும். திரும்பி வரும் என்பது தெரிந்தாலும் கை கடிக்கத்தான் செய்யும்.

அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே இருந்தால் எப்படி? பாராட்டவும் விஷயம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 21இல் நம் யு.பி.ஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து செல்போன் நம்பருக்கு அனுப்புவது போலவே ஊருக்குப் பணம் அனுப்பலாம். இங்கிருந்து ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். அனுப்பவும் பெறவும் வசதியோடு முதலில் சேர்ந்த நான்கு வங்கிகளில் இரண்டு நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை: 1907இல் பிறந்த இந்தியன் வங்கியும், மேலே சொன்ன இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும். 2025இல் இன்னும் பல வங்கிகள் சேர்ந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியும்? அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் 'ஃப்ரீ' விளம்பரம்தான். இதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை. யு.பி.ஐ. வழி என்றாலும் ரேட்டைப் பார்க்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

"வங்கி தர்மசத்திரமா?"

இதைப் பற்றிப் பேசினால் வகுப்பில் ஒரு நண்பன் உடனே சண்டைக்கு வருவான். "டேய், வங்கி என்ன தர்மசத்திரமா? ஆள் சம்பளம், கம்ப்யூட்டர், மோசடி ரிஸ்க், வெளிநாட்டு வங்கியில் பணம் போட்டு வைக்கிற செலவு எல்லாம் இல்லையா? லாபம் வேண்டாமா?" அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பணத்தை எல்லை தாண்ட வைப்பதற்குச் செலவு இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று வங்கிகள் கை மாறினால் ஒவ்வொருவரும் கொஞ்சம் பிடிப்பார்கள். லாபமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுப்பதைச் சொல்லிவிட்டு எடு என்றுதான் சொல்கிறேன்.

விலையை மறைத்தால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனி வங்கியோடு பேரம் பேசி பைசாக் கணக்கில் மார்ஜினைக் குறைத்து விடும். அதற்கென்று ஆள் வைத்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்துப் பேரை வைத்து உதிரி பாகம் செய்து ஏற்றுமதி செய்கிற சின்ன முதலாளிக்கு அந்த வசதி இல்லை. வங்கி போட்டதுதான் ரேட். இவர்களைப் போன்றவர்களுக்காகவே 2019 ஆகஸ்டில் எஃப்.எக்ஸ். ரீடெய்ல் என்ற மேடை தொடங்கப்பட்டது. அதில் சந்தை விலை தெரியும், வங்கி தன் கட்டணத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்குத்தான் கிடைக்கும். இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்? அபுதாபியில் வெயிலில் வேலை பார்க்கும் ஃபிட்டரும், மாலையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு டிசைன் செய்து 200 டாலர் சம்பாதிக்கும் காலேஜ் பையனும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். யாருக்குப் பேரம் பேசத் தெரியாதோ, அவர்களிடம்தான் அதிக விலை வசூலாகிறது. 'இலவசம்' என்ற பெயரில் வசூலாகிறது என்பதுதான் எனக்குக் கடுப்பு.

மற்ற நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2013 அக்டோபரிலிருந்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்பே ரேட், கட்டணம், அந்தப் பக்கம் கிடைக்கப் போகும் தொகை மூன்றையும் எழுதிக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய் 2019இல் ஒரு சட்டம் இயற்றியது. கார்டில் நாணயம் மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டுக்கு மேல் எத்தனை சதவீதம் எடுக்கிறோம் என்று ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். ஒரே எண்! எல்லா வங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும்.

நமக்கும் அதற்கு வேண்டிய அளவுகோல் தயாராக இருக்கிறது. 2018 ஜூலையிலிருந்து எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் டாலர், பவுண்ட், யூரோ, யென்னுக்கு அதிகாரப்பூர்வ ரெஃபரன்ஸ் ரேட் வெளியிடுகிறது. அதற்கு முன் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. நம் கார்டு பில்லிலும், பணம் வந்த எஸ்.எம்.எஸ்ஸிலும், "ரெஃபரன்ஸ் ரேட்டிலிருந்து வித்தியாசம்: இத்தனை சதவீதம்" என்று ஒரு வரி சேர்க்க எந்த வங்கிக்கும் பெரிய செலவு ஆகாது. பிஸ்கெட் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. போடச் சொல்கிற நாடு இது. பணத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

அது வரும் வரை நாம் செய்யக்கூடியவை இவை:

1. "சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "நான் இவ்வளவு கொடுத்தால் கடைசியில் கையில் எவ்வளவு?" என்று கேளுங்கள்.
2. குறைந்தது மூன்று இடத்தில், ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள். நேற்றைய ரேட்டையும் இன்றைய ரேட்டையும் ஒப்பிடுவது வீண்.
3. வெளிநாட்டில் கார்டு மெஷின் கேட்டால் உள்ளூர் பணம் என்றே சொல்லுங்கள்.
4. இரண்டு கார்டு வைத்துக் கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு வங்கியாக இருக்கட்டும்.
5. ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கியின் பெயரைத் தெரிந்து கொள்ளுங்கள்.
6. முதல் முறை அனுப்பும்போது சின்னத் தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததைக் கணக்கு பாருங்கள்.

ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்று யாரும் மாற்றித் தரப் போவதில்லை, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. கடல் தாண்டிப் போய் சம்பாதித்தவருக்கு, தன் உழைப்பில் எத்தனை பைசா வழியில் கழிந்தது என்று தெரிந்து கொள்ளும் உரிமை மட்டுமாவது இருக்க வேண்டும். கழிப்பதைக் கழித்துக் கொள்ளட்டும், எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கழிக்கட்டும்.